கேள்வி தவறினால் கணக்கும் தவறும்

நம் நாட்டில் கல்யாணமான பெண்கள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் 29 பேர் புருஷன் கையால் அடி உதையோ, பலாத்காரமோ, இரண்டுமோ அனுபவித்தவர்கள். இது மேடையில் ஆவேசமாகப் பேசிய யாரோ ஒருவர் சொன்ன கணக்கல்ல. மத்திய சர்க்காரின் சுகாதார இலாகாவுக்காக 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, 18 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களை நேரில் கேட்டுச் சேர்த்த கணக்கு. கர்நாடகத்தில் இது 44. பீகாரில் 40. எழுத்தறிவிலும் தொழிலிலும் முன்னேறியதாகப் பெருமை பேசும் நமது தமிழ்நாட்டில் 38!

இந்தக் கணக்கு வெளிவந்தபோது இரண்டு விதமான பேச்சுகள் எழுந்தன. ஒரு சாரார், “இது மிகைப்படுத்தப்பட்ட புள்ளி விவரம், கேட்டால் பெண்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள்” என்றனர். இன்னொரு சாரார், “போலீஸ் பதிவேட்டைப் பாருங்கள். வழக்குகள் இவ்வளவு இல்லையே! எங்கள் மாநிலத்தில் மாதர் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள்” என்றனர்.

இரண்டு பேச்சுமே தவறானவை. இரண்டும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. ஒரு புள்ளி விவரம் எப்படி உண்டாகிறது, எந்தக் கேள்விக்குப் பதிலாக அது வந்தது, அந்தக் கேள்வியை யார் எங்கே வைத்து எப்படிக் கேட்டார்கள் என்பதை இரண்டு சாராருமே பார்க்கவில்லை. நெல் அளக்கும் மரக்காலின் அடியில் மெழுகு ஒட்டி அளவைக் குறைத்த மிராசுதார்களை நமது விவசாயத் தோழர்கள் அறிவார்கள். அளவு கருவி சரியில்லையென்றால் அளந்ததும் சரியில்லை. பெண்கள் படும் கொடுமையை அளக்கும் கருவி, கேள்வித்தாள். அந்தக் கேள்வித்தாளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். இது ஆபீஸ் குமாஸ்தாக்களின் விஷயம், நமக்கென்ன என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

ஒரு கேள்வியும் பல கேள்விகளும்

குடும்ப நல ஆய்வின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1992–93இல் நடந்த முதல் ஆய்வில் அடி உதையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கேட்காத காரணத்தால் கணக்கும் இல்லை; கணக்கு இல்லாத காரணத்தால் பிரச்சினையும் இல்லை! 1998–99இல் நடந்த இரண்டாவது ஆய்வில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். 15 வயது நிரம்பிய பிறகு யாராவது உங்களை அடித்தோ உடல் ரீதியாகக் கொடுமைப்படுத்தியோ இருக்கிறார்களா என்பது அந்தக் கேள்வி. ஆம் என்றவர்கள் நூற்றுக்கு 21 பேர். புருஷன் அடித்ததாகச் சொன்னவர்கள் 19 பேர்.

2005–06இல் மூன்றாவது ஆய்வு நடந்தது. இம்முறை பொதுவாக ஒரு கேள்வியோடு நிறுத்தவில்லை. அறைந்தாரா? கையை முறுக்கினாரா, தலைமயிரைப் பிடித்து இழுத்தாரா? பிடித்துத் தள்ளினாரா, எதையாவது எடுத்து வீசினாரா? முஷ்டியால் குத்தினாரா? உதைத்தாரா, தரதரவென்று இழுத்துப் போட்டு அடித்தாரா? கழுத்தை நெரிக்கவோ தீ வைக்கவோ முயன்றாரா? கத்தி முதலிய ஆயுதத்தைக் காட்டி மிரட்டினாரா? இப்படி ஒவ்வொரு செயலையும் தனித்தனியாகக் கேட்டார்கள். பலாத்காரத்தையும் அதேபோல் செயல் செயலாகக் கேட்டார்கள். பதில் என்ன? புருஷன் அடித்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 35 பேர். பலாத்காரத்தையும் சேர்த்தால் 37 பேர்.

ஏழே வருஷத்தில் இந்தியப் புருஷர்கள் இரண்டு மடங்கு மிருகங்களாகிவிட்டார்களா? இல்லை. கேள்வி மாறியது, பதிலும் மாறியது. இரண்டு ஆய்வுகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் “கொடுமை பெருகிவிட்டது” என்று ஒருவர் எழுதினால் அது பிழை. முதல் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு “ஐந்தில் ஒருத்திதான்” என்று ஆறுதல் கொள்வதும் பிழை. முன்பும் அடி விழுந்தது. கணக்கில் விழவில்லை, அவ்வளவுதான்.

“அதெல்லாம் ஒரு அடியா?”

ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ள நிபுணர் யாரும் வேண்டாம். நமது வீடுகளைப் பார்த்தாலே போதும்.

நாற்று நட்டுவிட்டு வரும் ஒரு பெண்ணிடம் போய், “அம்மா, நீங்கள் குடும்ப வன்முறைக்கு ஆளாகியிருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். அவள் விழிப்பாள். “வன்முறை” என்பது அவள் பத்திரிகையில் கலவரச் செய்தியில் கேட்ட சொல். தன் வீட்டு அடுப்பங்கரையில் நடப்பதற்கு அந்தப் பெயர் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. “உங்களை அடிப்பாரா?” என்று கேளுங்கள். “சேச்சே, அவர் அப்படிப்பட்ட மனுஷர் இல்லை” என்பாள். “கோபத்தில் கன்னத்தில் அறைந்தது உண்டா?” என்று கேளுங்கள். “அது உண்டு. குடித்துவிட்டு வந்தால் இரண்டு தட்டு தட்டுவார். அதெல்லாம் ஒரு அடியா?” என்பாள்.

இங்கேதான் உண்மை ஒளிந்திருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. “அடி” என்றால் ரத்தம் வர வேண்டும், எலும்பு முறிய வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவளுக்குக் கற்பித்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்ததெல்லாம் வாழ்க்கை! சோற்றில் உப்புக் குறைந்தால் அடிக்கலாம், சொல்லாமல் வெளியே போனால் அடிக்கலாம், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் அடிக்கலாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இம்மாதிரி ஏழு காரணங்களை வரிசையாகச் சொல்லி, “இதில் எதற்காவது புருஷன் அடிப்பது நியாயமா?” என்று 2019–21 ஆய்வில் கேட்டபோது, நூற்றுக்கு 45 பெண்கள் ஏதாவது ஒரு காரணத்தை நியாயம் என்றே சொன்னார்கள். ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் 44 பேர். நியாயமான அடி என்று நினைப்பவள் அதைக் கொடுமை என்று எப்படிச் சொல்லுவாள்?

ஆகவே, கேள்வி பெயரைக் கேட்கக் கூடாது. நடந்ததைக் கேட்க வேண்டும். “வன்முறை”, “கொடுமை”, “பலாத்காரம்” என்பவை தீர்ப்புச் சொற்கள். தீர்ப்பைச் சொல்லும் பாரத்தைப் பாதிக்கப்பட்டவள் தலையில் ஏற்றக் கூடாது. அவள் நடந்ததைச் சொல்லட்டும். அதற்கு என்ன பெயர் என்பதை ஆய்வாளர் முடிவு செய்யட்டும். இதுதான் இந்தத் துறையில் அரை நூற்றாண்டு அனுபவம் கற்றுத் தந்த முதல் பாடம்.

பலாத்காரத்தைப் பொறுத்தவரை இந்தப் பாடம் இன்னும் முக்கியமானது. நமது நாட்டின் சட்டம், 18 வயது நிரம்பிய மனைவியை அவள் சம்மதமின்றிப் புருஷன் கூடுவதைப் பலாத்காரக் குற்றமாக ஏற்கவில்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாயச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் பழைய பீனல் கோடின் விதிவிலக்கை அப்படியே சுமந்து வந்திருக்கிறது. சட்டம் குற்றமென்று சொல்லாததைப் போலீஸ் அந்தப் பெயரில் பதியாது. போலீஸ் பதியாதது குற்றப் புள்ளி விவரத்தில் வராது. தாலி கட்டியவன் என்ற காரணத்தால் அவளும் அதற்கு அந்தப் பெயரைச் சூட்ட மாட்டாள். பிறகு அது எங்கேதான் பதிவாகும்? “உங்களுக்கு விருப்பமில்லாதபோது, உடல் பலத்தைக் காட்டி உங்களோடு உறவு கொண்டாரா?” என்று நேராகவும் மரியாதையாகவும் கேட்கும் ஒரு கேள்வியில் மட்டுமே பதிவாகும். அந்தக் கேள்வியும் இல்லையென்றால் அந்தப் பெண்ணின் துயரம் இந்த நாட்டின் எந்த ஏட்டிலும் இல்லை.

அமெரிக்கா கற்ற பாடம்

பணமும் நிபுணர்களும் குவிந்து கிடக்கும் அமெரிக்காவே இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. அந்நாட்டு சர்க்கார் 1972 முதல் வீடு வீடாகச் சென்று, குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டு வருகிறது. உங்களை யாராவது தாக்கினார்களா, மிரட்டினார்களா என்று கேட்பார்கள். ஆனால் பலாத்காரத்தைப் பற்றிச் சுமார் 20 ஆண்டுகள் நேரடியாக ஒரு கேள்வியும் கிடையாது. பாதிக்கப்பட்ட பெண் தானாகவே, முன்பின் தெரியாத ஓர் உத்தியோகஸ்தரிடம் அதைச் சொல்ல வேண்டும்! 1990களின் தொடக்கத்தில் கேள்வித்தாளைத் திருத்தி நேரடியாகக் கேட்டபோது, பலாத்காரக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

மேரி காஸ் என்ற உளவியல் அறிஞர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. அந்நாட்டின் 32 கல்லூரிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியரிடம், பலாத்காரம் என்ற சொல்லைச் சொல்லாமல், நடந்த செயல்களை விவரித்துக் கேட்டார். சட்டப்படி பலாத்காரம் என்றே ஆகும் செயலுக்கு ஆளாகியிருந்த மாணவிகளில் நூற்றுக்கு 73 பேர், தமக்கு நடந்ததைப் பலாத்காரம் என்று கருதவில்லை! “நீ பலாத்காரத்துக்கு ஆளானாயா?” என்று கேட்டிருந்தால் அந்த 73 பேரும் “இல்லை” என்றே சொல்லியிருப்பார்கள்.

1997இல் இன்னொரு சோதனை நடந்தது. ஃபிஷர், கல்லென், டர்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரே காலத்தில் கல்லூரி மாணவிகளிடையே இரண்டு ஆய்வுகள் நடத்தினர். ஒவ்வொன்றிலும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரு பிரிவினரிடம் செயல்களை விவரித்துக் கேட்டனர். மற்றப் பிரிவினரிடம் சர்க்காரின் குற்ற ஆய்வின் முறையில் கேட்டனர். விவரித்துக் கேட்ட பிரிவில் கிடைத்த பலாத்காரக் கணக்கு, மற்றதைப் போல் சுமார் 11 மடங்கு! அதே நாடு, அதே வயது, அதே வருஷம். கேள்வி மட்டும் வேறு.

“கேட்டால் பெண்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள்” என்று சொல்லும் கனவான்களை நாம் கேட்கிறோம்: நூற்றில் 73 பேர் நடந்ததையே சிறிதாக்கிச் சொல்லும்போது, மிகைப்படுத்துவது யார்?

கதவு திறந்திருந்தால் வாய் மூடியிருக்கும்

நல்ல கேள்வி எழுதிவிட்டால் மட்டும் போதாது. அதை எங்கே வைத்துக் கேட்பது?

திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே புருஷன் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கின்றன. இந்த நிலையில் “உங்கள் வீட்டுக்காரர் உங்கள் கழுத்தை நெரித்தாரா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? பதில் வராதது ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று இரவு அந்தப் பெண்ணின் கதி என்ன? கணக்கெடுக்க வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். உதை வாங்குபவள் அங்கேயேதான் இருப்பாள்.

அதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 10 நாடுகளில் 24,000 பெண்களைக் கேட்டு ஆய்வு நடத்தியபோது, கண்டிப்பான விதிகளை வகுத்தது. பெண்ணின் உயிருக்கும் பத்திரத்துக்கும் முதலிடம். புள்ளி விவரத்துக்கு இரண்டாம் இடம். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே இந்தக் கேள்விகள். தனிமை கிடைக்காவிட்டால் கேட்கக் கூடாது. நடுவில் யாராவது வந்துவிட்டால் உடனே வேறு பேச்சுக்கு மாறிவிட வேண்டும். வெளியே சொல்லும்போது ஆய்வின் பெயர்கூடப் பெண்களின் உடல்நலமும் வாழ்க்கை அனுபவமும் என்றுதான் இருக்க வேண்டும். அடி உதையைப் பற்றிய ஆய்வு என்று ஊரெல்லாம் தமுக்கடிக்கக் கூடாது. கேட்பவர்கள் பயிற்சி பெற்ற பெண்களாக இருக்க வேண்டும். உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

அந்த ஆய்வில் இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். சிறுவயதில் யாராவது தகாத முறையில் தொட்டார்களா என்பதை நேரில் கேட்டதோடு, பேட்டி முடியும்போது ஓர் அட்டையையும் கொடுத்தார்கள். அதில் அழும் முகம் ஒன்று, சிரிக்கும் முகம் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவளும் ஒரு கோடு போட்டு, உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்துவிடலாம். கேட்டவருக்கும் அவள் பதில் தெரியாது. பெரும்பாலான இடங்களில், வாயால் சொன்னவர்களைவிடக் கோடு போட்டவர்களே அதிகம். வாய் சொல்லக் கூசியதைக் கை சொல்லிற்று!

நமது குடும்ப நல ஆய்விலும் ஒரு வீட்டில் ஒரு பெண், தனிமை இல்லையேல் கேள்வி இல்லை என்ற விதிகள் உண்டு. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் விதி காகிதத்தில் இருந்தால் போதுமா? அதை நிறைவேற்றுவது வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் பெண் சிப்பந்தி. அவர்கள் ஒப்பந்த ஏஜென்சிகளின் கீழ் தற்காலிகமாக வேலை செய்கிறவர்கள். எத்தனை படிவம் முடித்தாய் என்று மட்டும் மேலே இருப்பவர் கேட்டால், தனிமைக்காகக் காத்திருக்க அவளால் முடியுமா? எதிரே இருக்கும் பெண் கண்கலங்கும்போது பேனாவை மூடி வைத்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள முடியுமா? அவசரத்தில் கேட்டால் “இல்லை, இல்லை, இல்லை” என்றே படிவம் நிரம்பும். கேட்பவளின் வேலை நிலைமைக்கும் சொல்பவளின் உண்மைக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு.

எண்ணிக்கை மட்டும் போதாது

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செயல்களைப் பட்டியலிட்டுக் கேட்கும் இந்த முறைக்கு அடிப்படை, அமெரிக்க சமூகவியலாளர் மரே ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்ட ஓர் அளவுகோல். அதன் மீது மாதர் இயக்கத்தினர் வைத்த விமர்சனம் நியாயமானது. புருஷன் தினமும் அடிக்கிறான். ஒருநாள் அவள் தன்னைக் காத்துக்கொள்ள அவன் கையைத் தட்டிவிட்டு அவனைத் தள்ளுகிறாள். பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு, அவள் பெயருக்கு எதிரேயும் ஒரு கோடு! “இருவரும் சமம்” என்று கணக்கு முடிந்துவிடும். இது கணக்கா?

ஆகவே, செயலைக் கேட்ட பிறகு மேலும் கேட்க வேண்டும். எத்தனை தடவை? கடந்த 12 மாதத்திலா, அதற்கு முன்பா? காயம் ஏற்பட்டதா, எப்படிப்பட்ட காயம்? அவரைக் கண்டு பயப்படுகிறீர்களா? யாரிடமாவது சொன்னீர்களா? கால எல்லை தெளிவாக இல்லாவிட்டாலும் குழப்பம். மறக்க முடியாத பழைய அடி நேற்று நடந்ததுபோல் நினைவில் நிற்கும். பழகிப்போன அடி போன மாதம் விழுந்தாலும் மறந்துபோகும். ஒரே கேள்வியில் இரண்டு விஷயத்தைக் கட்டிக் கேட்பதும் தவறு. “திட்டினாரா அல்லது அடித்தாரா?” என்ற கேள்விக்கு “ஆம்” என்று பதில் வந்தால், எதற்கு ஆம்? பொதுவான ஒரு கேள்வியை வாசலில் நிறுத்தி, அதற்கு “ஆம்” என்றவர்களிடம் மட்டும் மற்றதைக் கேட்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. வாசலிலேயே பாதிப்பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

கணக்குக்கு வெளியே நிற்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். 2019–21 ஆய்வு 49 வயதோடு நின்றுவிட்டது. ஐம்பது வயதுக்குப் பிறகு கை ஓய்ந்துவிடுகிறதா? மகன் கையால் அடிபடும் தாய்மார் இல்லையா? வீடுகளில் எடுக்கும் கணக்கில் நடைபாதையில் படுத்துறங்கும் பெண் வர மாட்டாள். ஆலை விடுதியில் அடைபட்டிருக்கும் இளம்பெண்ணும் வர மாட்டாள். மேஸ்திரியிடமும் சூபர்வைசரிடமும் உழைக்கும் மாதர் படும் இம்சையை விரிவாகக் கேட்கும் பகுதியும் அதில் இல்லை. சிறுவயதில் பலாத்காரத்துக்கு ஆளான ஆண்களும் உண்டு. ஆண்களிடம் இந்தக் கேள்விகள் கேட்கப்படவே இல்லை.

யாருக்கு நஷ்டம்?

“இதெல்லாம் குடும்ப விவகாரம். கேட்டுக் கிளறினால் குடும்பம் கலையும்” என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஆய்வே பதில் சொல்கிறது. அடி உதைக்கோ பலாத்காரத்துக்கோ ஆளான பெண்களில் எங்காவது உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். யாரிடமும் உதவி கேட்காமலும் ஒருவரிடமும் வாய் திறந்து சொல்லாமலும் இருந்தவர்கள் 77 பேர்! தாயிடம் சொல்லவில்லை, அக்காளிடம் சொல்லவில்லை, தோழியிடம் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தி எதிரே உட்கார்ந்து, “உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?” என்று மரியாதையோடு கேட்கிறாள். அப்போது அவள் சொல்கிறாள். குடும்பத்தைக் கலைப்பது அந்தக் கேள்வியா, அந்த அடியா?

போலீஸ் பதிவேட்டை ஆட்டிக் காட்டுகிறவர்களுக்கும் இதுவே பதில். நூற்றில் 77 பேர் யாரிடமும் சொல்லாத ஒன்றைப் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டில் தேடுவது, கிணற்றில் விழுந்ததைக் கூரையில் தேடுவதுபோல. வழக்கு குறைவாக இருக்கும் ஊரில் கொடுமை குறைவு என்று அர்த்தமில்லை. புகார் கொடுக்கப் பயம் அதிகம் என்றும் இருக்கலாம். ஆய்வில் எண் உயர்ந்தால் கொடுமை உயர்ந்தது என்றும் அர்த்தமில்லை; சொல்லும் தைரியம் உயர்ந்தது என்றும் இருக்கலாம். ஆகவே தமிழ்நாட்டின் 38 என்ற எண்ணை வைத்து, எந்த மாநிலம் யாருக்கு மேல் என்று பந்தயம் கட்டுவது வீண். சரியான கேள்வியைத் திரும்பத் திரும்ப, ஒரே விதமாகக் கேட்டுக்கொண்டே வந்தால்தான் நிலைமை முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்பது புலப்படும்.

இந்தக் கணக்கால் நடக்கும் காரியம் என்ன? 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி ஜில்லாவுக்கு எத்தனை பாதுகாப்பு அதிகாரிகள் வேண்டும், எத்தனை தங்குமிடங்கள் வேண்டும், 181 என்ற உதவித் தொலைபேசியில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று பட்ஜெட்டில் கேட்க, நமது மாதர் ஸ்தாபனங்களின் கையில் இருக்கும் ஆயுதம் இதுதான். எண் குறைந்தால் பணமும் குறையும். “தேவையே இல்லையே!” என்று நிதி இலாகா கையை விரிக்கும். தவறான கேள்வியால் நஷ்டப்படுவது புள்ளி விவர நிபுணர் அல்ல. நடு இரவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போக இடமின்றி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பெண்.

செய்ய வேண்டியது என்ன?

இந்த ஆய்வுக்கு ஓர் ஆபத்தும் வந்து சேர்ந்திருக்கிறது. 1984 முதல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய குடும்ப, சுகாதார ஆய்வுகளுக்கு வழிகாட்டி வந்த திட்டத்துக்கான நிதியை, 2025 தொடக்கத்தில் அமெரிக்காவின் டிரம்ப் சர்க்கார் நிறுத்திவிட்டது. குடும்ப வன்முறைக்கான பொதுக் கேள்வித்தாளை ஏழை நாடுகளுக்கெல்லாம் கொண்டு சென்றது அந்தத் திட்டம்தான். நமது ஐந்தாவது ஆய்வுக்கும் அதன் தொழில்நுட்ப உதவி கிடைத்திருந்தது. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் நமது பெண்களின் துயரம் கணக்கிலிருந்து மறைந்துவிடும் என்ற நிலை இருக்கலாமா? இந்தியாவில் நிபுணர்கள் இல்லையா, பணம் இல்லையா? மனம் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

ஒன்று, அடி உதையையும் பலாத்காரத்தையும் செயல் செயலாகக் கேட்கும் பகுதி குடும்ப நல ஆய்வின் ஒவ்வொரு சுற்றிலும் தொடர வேண்டும். எந்தச் சாக்கிலும் அதைச் சுருக்கவோ நீக்கவோ கூடாது. அதற்கான முழுச் செலவையும் நமது சர்க்காரே ஏற்க வேண்டும்.

இரண்டு, தமிழ்க் கேள்விகளை இங்கிலீஷிலிருந்து மேஜை மேல் வைத்து மொழிபெயர்த்தால் போதாது. விவசாயக் கூலிப் பெண்கள், பீடித் தொழிலாளிப் பெண்கள், தோட்டத் தொழிலாளிப் பெண்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் முன்பு அவற்றைப் படித்துக் காட்டி, “இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?” என்று கேட்டுத் திருத்த வேண்டும். நாகையில் புரியும் சொல் நீலகிரியிலும் புரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று, கணக்கெடுக்கும் பெண்களுக்கு நல்ல பயிற்சியும் கௌரவமான மாதச் சம்பளமும் வேண்டும். படிவத்துக்கு இவ்வளவு என்று எண்ணி வேலை வாங்கக் கூடாது. நாளெல்லாம் பிறர் துயரத்தைக் கேட்டு மனம் நொந்துபோகும் அவர்களுக்கும் ஆறுதலும் ஓய்வும் வேண்டும்.

நான்கு, ஐம்பது வயதைக் கடந்த மாதரையும், விடுதிகளில் தங்கி உழைக்கும் மாதரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேலைத்தலத்தில் நடக்கும் இம்சைகளுக்குத் தனிப் பகுதி வேண்டும்.

ஐந்து, முடிவுகள் நல்லதானாலும் கெட்டதானாலும், கேட்ட கேள்விகளோடும் கேட்ட முறையோடும் சேர்த்துத் தாமதமின்றி வெளியிட வேண்டும்.

மாதர் ஸ்தாபனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. நாமும் அவ்வப்போது வட்டாரங்களில் கணக்கெடுக்கிறோம். நமது கையிலும் மெழுகு ஒட்டிய மரக்கால் இருக்கக் கூடாது. “நீங்கள் கொடுமைக்கு ஆளானவரா?” என்று கேட்டுவிட்டு, நமக்கு வேண்டிய பதிலை நாமே எழுதிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். எண் பெரிதாக வர வேண்டும் என்பது நமது குறிக்கோள் அல்ல. உண்மையாக வர வேண்டும். உண்மையே போதுமான அளவு கொடுமையாக இருக்கிறது.

கடைசியாக, இதைப் படிக்கும் ஆண் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை ஒரு பெண் கையில் படிவத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்து, “வீட்டு அம்மாவோடு கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்” என்று சொன்னால், “என் முன்னால் பேசக் கூடாதது என்ன?” என்று கேட்டு நாற்காலியில் சாய்ந்து உட்காராதீர்கள். எழுந்து, உங்கள் தாயாரையும் அழைத்துக்கொண்டு, தெருக்கோடி வரை போய் வாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று திரும்பி வந்து கேட்காதீர்கள்.

அந்த அரை மணி நேரம் அவளுடையது.